டிரெய்லர் இழுக்கும் பிக்அப்புக்கு எவ்வளவு உயரம், எந்த டயர்? கோலாலம்பூரில் முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிக்அப்பின் பின்னால் ஒரு சின்ன டிரெய்லரை மாட்டிக்கொண்டு, கென்யிர் ஏரிப் பக்கமோ லோஜிங் மலைப் பக்கமோ குடும்பத்தோடு போய்த் தங்கிவர நினைக்கிறீர்கள். வர்க்‌ஷாப்பில் கேட்கப்படும் முதல் கேள்வி, "எத்தனை இன்ச் ஏத்தணும் அண்ணே?" என்பதுதான், அதாவது வண்டியின் உடம்பைத் தரையிலிருந்து எவ்வளவு உயர்த்துவது என்று. அதற்கு அங்கேயே நின்றுகொண்டு பதில் சொல்லிவிடாதீர்கள். செகாம்புட்டிலும் பூச்சோங்கிலும் கேட்டுப் பார்த்தேன். ஒரு கடையில் இரண்டு அங்குலம் என்றார்கள், இன்னொன்றில் மூன்று, வேறொன்றில் நான்கு. டிரெய்லர் எத்தனை கிலோ என்று யாரும் கேட்கவில்லை. உயரத்தையும் டயரையும் முடிவு செய்ய வேண்டியது அந்த எடைதான். அதனால் கீழே உள்ள வரிசை, கடைக்காரர்கள் பேசும் வரிசைக்கு நேர்மாறாக இருக்கும்.

1. டிரெய்லரை எடை போடுங்கள்

தயாரிப்பாளர் தரும் எடை காலி டிரெய்லரின் எடை. நீங்கள் இழுக்கப் போவது தண்ணீர், கேஸ், கூடாரம், பேட்டரி, பாத்திரம் பண்டம் எல்லாம் ஏற்றிய டிரெய்லரை. பயணத்துக்கு ஏற்றுவது போலவே முழுசாக ஏற்றி, எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். பழைய இரும்பு வாங்கும் பெரிய யார்டுகளில் எடை மேடை இருக்கும். செம்பனை ஆலைகளிலும் இருக்கும். கூட்டமில்லாத நேரத்தில் போய் மரியாதையாகக் கேட்டால் போட்டுக் கொடுப்பார்கள். ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு முறை எடை போடுங்கள்: டிரெய்லர் மாட்டிய நிலையில் ஒருமுறை, கழற்றிவிட்டு வண்டியை மட்டும் ஒருமுறை. அப்புறம், கொக்கியின் மேல் டிரெய்லர் எவ்வளவு அழுத்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும். டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் 10 விழுக்காடு கொக்கியில் உட்கார்ந்தால் நல்லது. அதைவிட ரொம்பக் குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும்.

1,000 கிலோ டிரெய்லர் என்றால் கொக்கியில் 100 கிலோ. ஆனால் பின் அச்சுக்கு வருவது அந்த 100 கிலோ மட்டும் என்று நினைக்காதீர்கள். கொக்கி பின் அச்சுக்கும் பின்னால், சுமார் 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஹைலக்ஸ் போல 3.085 மீட்டர் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம்) உள்ள வண்டியில் கணக்குப் போட்டால், பின் அச்சில் கிட்டத்தட்ட 139 கிலோ ஏறுகிறது, முன் அச்சிலிருந்து 39 கிலோ குறைகிறது. பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கிக்கொள்வதும், ஸ்டீயரிங் லேசாகிப் போவதும் இதனால்தான். வண்டி ஏற்கெனவே மூக்கு தூக்கி நிற்கும்போது முன்பக்கத்தை இன்னும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

2. வண்டியில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்

வண்டியின் பதிவு விவரத்தில் BDM என்பது சுமையோடு அனுமதிக்கப்பட்ட எடை, BTM என்பது காலி எடை. இந்த மலாய்ச் சுருக்கங்கள் காதுக்கு ஒன்றுபோல விழுவதால் கடைகளில் குழப்பிச் சொல்வார்கள். நீங்கள் இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: சுமையோடு அனுமதிக்கப்பட்ட எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. கொக்கி அழுத்தமும் இதற்குள்ளேதான் அடங்க வேண்டும்.

கழித்து 900 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் 280, இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி) 100, கேனபி (பின் தட்டை மூடும் கூடு) 70, கூரைத்தட்டும் கூரைக் கூடாரமும் 90, தண்ணீர் 60, பிரிட்ஜ், பேட்டரி, கருவிப்பெட்டி எல்லாம் சேர்த்து 100, கொக்கி அழுத்தம் 100. கூட்டினால் 800. காலி எடையில் டீசல் சேர்ந்திருக்கவில்லை என்றால், 80 லிட்டர் டேங்க்குக்கு இன்னொரு 67 கிலோ. மிச்சம் 33 கிலோ. பிள்ளைகளின் பைகளை இன்னும் ஏற்றவே இல்லை.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஆஸ்திரேலியக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "இந்த வண்டி 3,500 கிலோ இழுக்கும்" என்று பலரும் சொல்வார்கள். அது அந்த நாட்டில் விற்கும் மாடலுக்கு, பிரேக் உள்ள டிரெய்லருக்குக் கொடுத்த அளவு. உங்களுடைய மலேசிய மாடலின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் உங்களுக்குப் பொருந்தும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கும் தனி வரம்பு உண்டு, அதையும் பாருங்கள். இன்னொன்று: ஸ்பிரிங் மாற்றியதால் அனுமதிக்கப்பட்ட எடை கூடிவிடாது. காகிதத்தில் இருக்கும் எண் அப்படியேதான் இருக்கும்.

3. பின் ஸ்பிரிங்கை எடைக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்

நான் பேசிப் பார்த்தவர்களில் பலர் "லிஃப்ட் கிட்" என்று ஒரு பெட்டியாகக் கேட்டு வாங்குகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் உண்மையில் முக்கியமானது பின்பக்க இலை ஸ்பிரிங். அதை எப்போதும் ஏற்றியிருக்கும் சுமையை வைத்து விற்கிறார்கள்: சுமை இல்லாதது, 300 கிலோ வரை நிரந்தரச் சுமை, 500 கிலோ நிரந்தரச் சுமை என்பது போல. நிரந்தரம் என்றால் தினமும் வண்டியிலேயே இருக்கும் சுமை. வருடத்துக்குச் சில முறை மட்டும் டிரெய்லர் மாட்டுபவர் 500 கிலோ ஸ்பிரிங் போட்டால், மற்ற நாளெல்லாம் கூச்சாய் லாமாவிலும் செராஸிலும் காலி வண்டி குதித்துக்கொண்டே போகும். மழை நேரத்தில் பின் டயர் பிடிமானமும் குறையும். பின் இருக்கையில் அம்மா அப்பாவை ஏற்றிப் போகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

கேனபியும் பெட்டிகளும் நிரந்தரமாக இருந்தால் 300 கிலோ வகை. டிரெய்லர் மாட்டும்போது மட்டும் கூடுதல் தாங்கல் வேண்டும் என்றால், உள்ளே காற்றடிக்கும் பைகளைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றை அளவுக்கு மீறிய சுமையைத் தூக்கிக் காட்டப் பயன்படுத்தாதீர்கள். சேசிஸில் ஒரே இடத்தில் சுமை குவியும். குண்டும் குழியுமான தோட்டச் சாலையில் சேசிஸ் வளைவதற்கு அது ஒரு காரணம்.

நீள ஷேக்கிள் (இலை ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) போட்டோ, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைத்தோ உயரம் ஏற்றித் தருகிறோம் என்பார்கள். விலை மலிவு. டிரெய்லர் இழுக்கிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். கட்டை வைத்தால், கிளம்பும்போது அச்சு முறுக்கிக்கொள்வது கூடும், ஸ்பிரிங்கின் தாங்கும் சக்தியோ ஒரு கிலோகூடக் கூடாது.

4. டயர் அளவு

பிக்அப்பின் அடிவயிறு உயர்வதற்கும் அச்சு உயர்வதற்கும் வித்தியாசம் உண்டு. ஸ்பிரிங் ஏற்றினால் உடம்பும் சேசிஸும் மேலே போகும். பின் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் உருண்டை அங்கேயேதான் இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் விட்டம் கூடுவதில் பாதி அளவுக்கு.

ஹைலக்ஸிலும் வேறு சில பிக்அப்புகளிலும் 265/65 ஆர்17 அளவு வருகிறது. விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். அதற்கு அடுத்து மக்கள் போடுவது 265/70 ஆர்17, சுமார் 803. அதற்கும் மேலே 285/70 ஆர்17, சுமார் 831.

முதல் படி ஏற்றினால் விட்டம் 3.4 விழுக்காடு கூடுகிறது. டிஃபரன்ஷியலுக்குக் கிடைப்பது 13 மில்லிமீட்டர். மீட்டரில் 100 என்று காட்டும்போது முன்பு போனதைவிட 3.4 விழுக்காடு கூடுதல் வேகத்தில் போவீர்கள். இரண்டாவது படிக்குப் போனால் 7 விழுக்காடு, கிடைப்பது 27 மில்லிமீட்டர். இந்த 7 விழுக்காட்டை டிரெய்லரோடு சேர்த்துப் பாருங்கள். இன்ஜின் அதேதான், கியரும் அதேதான். தரையைத் தள்ளும் விசை மட்டும் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. பிரேக்குக்கும் அதே கதைதான்: டிஸ்க் பிடிக்கும் விசை மாறாது, சக்கரம் பெரிதாவதால் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை குறையும். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் ஆட்டோ கியர் மேலும் கீழும் தேடி அலையும், கியர் எண்ணெய் சூடாகும். இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போது பிரேக் கொஞ்சம் குறைவாக இருப்பது எனக்கு ஏற்கத்தக்கதாகவே தெரியவில்லை.

ஆகவே என் பரிந்துரை: டிரெய்லர் 750 கிலோவுக்கு மேல் என்றால் கம்பெனி அளவிலேயே இருங்கள், அல்லது அதிகபட்சம் 265/70 ஆர்17. 285 அளவு டிரெய்லர் இழுக்காதவர்களுக்கானது. அதற்கேற்ற கியர் விகிதமும் பிரேக்கும் சேர்த்து மாற்றத் தயாராக இருப்பவர்கள் வேண்டுமானால் போடலாம்.

அளவோடு கூட இவற்றையும் பாருங்கள்:

சுமை எண். டயரின் பக்கத்தில் அளவுக்கு அடுத்து 111, 112, 116, 121 என்று இருக்கும். 111 என்றால் ஒரு டயருக்கு 1,090 கிலோ, 112 என்றால் 1,120, 116 என்றால் 1,250, 121 என்றால் 1,450. கம்பெனி டயரில் இருக்கும் எண்ணைவிடக் குறைந்ததை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். எல்டி என்று போட்ட லாரி வகை டயர் பக்கச் சுவர் கெட்டியானது, கூர்மையான கல்லுக்கு நல்லது. ஆனால் கனம் அதிகம், அதே சுமைக்குச் சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்றும் கேட்கும். கதவோரம் ஒட்டியிருக்கும் காற்றழுத்தத்தை எல்டி டயருக்கு அப்படியே அடித்தால் பக்கச் சுவர் சூடாகும்.

பூ (டயர் மேற்பரப்பின் வெட்டு) வகை. நம் பயணம் பெரும்பாலும் தார்ச் சாலை, கடைசியில் கொஞ்சம் செம்மண். மாலை மழையில் நனைந்த தாரில் பிடிமானம்தான் உயிர். அதனால் எல்லாத் தரைக்குமான ஏடி வகை போதும். சேற்றுக்கான எம்டி வகை நனைந்த தாரில் வழுக்கும், சத்தமும் போடும்.

தேதி. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 1525 என்றால் 2025-இன் 15-ஆவது வாரம். டிரெய்லர் டயர்களுக்கு இதை மறக்காமல் பாருங்கள். பூ அப்படியே இருக்கும், ஆனால் வெயிலில் நின்று நின்று ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும்.

எத்தனை டயர். நான்கு வாங்கிவிட்டு உபரி டயரைப் பழைய அளவிலேயே விடுவது பலர் செய்வது. நான்கு சக்கர இயக்கத்தில் விட்டம் வேறுபட்ட டயர் ஓடினால் டிஃபரன்ஷியலும் டிரான்ஸ்ஃபர் பெட்டியும் கெடும். ஐந்தும் ஒரே அளவு. முடிந்தால் டிரெய்லரிலும் அதே ரிம், அதே டயர் போடுங்கள். ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ், டிரைட்டன் எல்லாமே ஆறு போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். ஆனால் நடுத்துளையின் அளவு வண்டிக்கு வண்டி மாறும் (ஹைலக்ஸ் 106.1, ரேஞ்சர் 93.1), போல்ட் பொருந்துகிறது என்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. மாட்டிப் பார்த்து வாங்குங்கள். புது அளவு உபரி டயர் தட்டுக்கு அடியில் ஏறுகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

5. இப்போதுதான் உயரம்

சுமைக்கேற்ற ஸ்பிரிங்கும் டயரும் முடிவான பிறகு, அந்த டயர் உரசாமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு ஏற்றினால் போதும். பெரும்பாலானவர்களுக்கு அது 40 மில்லிமீட்டர். 50-க்கு மேல், அதாவது இரண்டு அங்குலத்துக்கு மேல், போகாதீர்கள். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள இந்த வண்டிகளில் அதைத் தாண்டினால் டிரைவ் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி ரப்பர் உறை கிழியும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷனின் மேல் கைகளை மாற்ற வேண்டிவரும், அலைன்மென்ட் வரம்புக்குள் வராது. செலவு அங்கேதான் கிளை விட்டுப் பரவும். உயரம் கூடக் கூட வண்டியின் கனத்தின் மையம் மேலே போகும். பின்னால் டிரெய்லர் இருக்கும்போது திடீரென ஒதுங்க வேண்டி வந்தால் அதன் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பழைய பிக்அப்பாக இருந்தால் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைத்த பிரேக் வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். சுமை ஏறி வண்டி அமுங்கும் அளவைப் பார்த்து அது பின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும். வண்டியை ஏற்றியதும், சுமையே இல்லை என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதற்கான பிராக்கெட்டை மாற்றிச் சரிசெய்ய வேண்டும். இதைக் கடைக்காரர் தானாகச் சொல்வார் என்று இருந்துவிடாதீர்கள்.

முன் கண்ணாடியில் கேமரா வைத்த புது மாடல் என்றால், உயரம் மாறியபின் அதை மறுபடி அளவமைக்க வேண்டுமா என்று விற்பனை மையத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

6. கொக்கியைக் கீழே இறக்குங்கள்

50 மில்லிமீட்டர் ஏற்றி, டயரில் 13 கூடினால், கொக்கிப் பந்தும் 63 மில்லிமீட்டர் மேலே போயிருக்கும். டிரெய்லர் மூக்கைத் தூக்கி நிற்கும், கனம் பின்னால் சாயும், கொக்கி அழுத்தம் குறையும், ஆட்டம் தொடங்கும். கீழே இறங்கிய பந்துத் தாங்கியை வாங்கி, முழுச் சுமையோடு மட்டமான தரையில் நிறுத்தி, டிரெய்லரின் சட்டம் படுக்கை மட்டத்தில் இருக்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பாருங்கள்.

பந்தின் அளவையும் பாருங்கள். 50 மில்லிமீட்டரும் இரண்டு அங்குலமும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் இரண்டு அங்குலம் என்பது 50.8. டிரெய்லரின் பிடியில் எழுதியிருக்கும் அளவுக்கே பந்து வாங்குங்கள். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். நீங்களும் அதையே உங்கள் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

7. வீட்டுக்குள் நுழையுமா?

ஹைலக்ஸின் உயரம் 1,815 மில்லிமீட்டர். 50 ஏற்றம், 13 டயர், கூரைத்தட்டு, மூடிய கூரைக் கூடாரம் எல்லாம் சேர்ந்தால் 2.2 மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். நகரத்தில் பல கொண்டோக்களிலும் பேரங்காடிகளிலும் பார்க்கிங் நுழைவாயிலில் தொங்கும் பலகை 2.0 அல்லது 2.1 மீட்டர்தான். வேலை ஆரம்பிக்கும் முன் உங்கள் கொண்டோ பலகையைப் படியுங்கள், உள்ளே தண்ணீர்க் குழாய்கள் தாழ்வாகப் போகும் இடத்தை அளவு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். டிரெய்லரை எங்கே நிறுத்துவது என்று நிர்வாகத்திடம் அனுமதி வாங்குவதும் இப்போதே முடிய வேண்டிய வேலை.

8. காகிதங்கள்

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில், மோட்டார் வாகனம் என்பதற்குள் இன்னொரு வாகனத்தால் இழுக்கப்படும் வாகனமும் அடங்கும். ஆக டிரெய்லர் வெறும் தள்ளுவண்டி இல்லை. அதற்கும் பதிவு வேண்டும். "பட்டறையில் செஞ்சது, பதிவு எல்லாம் தேவையில்லை" என்று விற்பவர் சொன்னால், அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். பதிவு ஆவணத்தைக் கையில் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

வண்டியின் அமைப்பு மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் தேவைப்படும். கோலாலம்பூர்க்காரர்கள் வங்சா மாஜு அலுவலகத்தில் கேட்கலாம். வேலை முடிந்தபின் போகாமல், பொருள் வாங்கும் முன்பே போங்கள். கையில் எடுத்துப் போக வேண்டியவை: வண்டிப் பதிவு விவரம், அடையாள அட்டை, போடப்போகும் சஸ்பென்ஷனின் விவரத்தாள், டயர் மற்றும் ரிம் அளவுகள், கொக்கிச் சட்டத்தின் தாங்கும் எடை அச்சிட்ட தகட்டின் படம், கடையின் விலைப்பட்டியல். அங்கே சொல்வதைக் கேட்டுவிட்டு, பொறுப்பதிகாரி எழுதித் தரும் நிபந்தனையின்படி மட்டும் வேலையைத் தொடங்குங்கள். ஆய்வுக்கு அனுப்பினால் அந்த ரசீதும் சேர்த்து வண்டியில் இருக்கட்டும்.

டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சம்மன் வரும். வெளியே தள்ளும் ரிம்மைத் தவிர்த்தாலே பாதித் தொல்லை இல்லை. பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றங்களை எழுத்தில் தெரிவியுங்கள், அவர்கள் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். முகவர் தொலைபேசியில் "பிரச்சினை இல்ல" என்று சொன்னது இழப்பீடு கேட்கும் நாளில் உதவாது. டிரெய்லருக்குப் பாதுகாப்பு உண்டா என்பதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.

9. செலவும் காலமும்

விலை பிராண்டுக்கு ஏற்ப நிறைய மாறும். நல்ல ஏடி டயர் ஒன்று சுமார் 500 முதல் 900 வெள்ளி என்று வைத்து ஐந்தால் பெருக்குங்கள். தரமான ஸ்பிரிங், ஷாக் முழு செட் பல ஆயிரம் வெள்ளி. ஒரே செட்டை மூன்று கடைகளில் விலை கேட்டு, கூலி, அலைன்மென்ட், பழைய பொருளைத் திருப்பித் தருவது எல்லாம் தனித்தனி வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். "பேக்கேஜ்" என்று ஒரே வரியில் வரும் விலையில் கொக்கித் தாங்கி, முகப்பு விளக்கைத் தாழ்த்துவது, இரண்டாவது அலைன்மென்ட் ஆகியவை பெரும்பாலும் இருக்காது.

பணம் குறைவு என்றால் இந்த வரிசையில் செலவிடுங்கள்: டிரெய்லர் பிரேக், பின் ஸ்பிரிங், டயர், கடைசியில் முன்பக்க ஏற்றம். முன்பக்க ஏற்றத்தை விட்டுவிட்டாலும் பயணம் நடக்கும்.

மாட்டுவது ஒரு நாள் வேலை. காத்திருப்புதான் நீளும்: ஒப்புதல், கையிருப்பில் இல்லாத ஸ்பிரிங், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் விடுமுறைகள். கிழக்குக் கரைப் பக்கம் போவதாக இருந்தால் நவம்பர் முதல் மார்ச் வரை பருவமழை. அந்த மாதங்களை வேலைக்கும் ஒப்புதலுக்கும் ஒதுக்கி, ஏப்ரலில் கிளம்புங்கள்.

10. மாட்டிய பிறகு

அலைன்மென்ட் அன்றைக்கே பார்க்க வேண்டும். ஸ்பிரிங் உட்கார்ந்தபின், சுமார் 1,000 கிலோமீட்டரில், மறுபடி ஒருமுறை. ரிம் போல்ட்டுகளை முதல் 100 கிலோமீட்டருக்குள் இறுக்கிப் பாருங்கள், டிரெய்லரிலும் சேர்த்து. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஒரு முன் சக்கரத்தைச் சாலையோரத் திட்டில் ஏற்றி, உள் பிளாஸ்டிக்கில் உரசுகிறதா என்று கேளுங்கள். இரவில் சுவரைப் பார்த்து நிறுத்தி விளக்கைத் தாழ்த்துங்கள். டிரெய்லர் மாட்டினால் மூக்கு இன்னும் தூக்கும், எதிரே வருகிறவர் கண் கூசும்.

முதல் ஓட்டத்துக்குத் தொலைவாகப் போகாதீர்கள். முழுச் சுமையோடு கோலா குபு பாரு வரை போய், வழியில் ஒருமுறை நிறுத்தி, டிரெய்லரின் இரண்டு பக்க ஹப்பையும் (சக்கரத்தின் நடுப்பகுதி) கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால், பேரிங்கைப் பார்க்காமல் அடுத்த கிலோமீட்டர் ஓட்ட வேண்டாம்.